மிச்சப் பிரதி யார் வீட்டில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புத்தகம் போடுவதைப் பற்றியவை. விடுமுறையில் மலையகத்து ஆசிரியர்கள் எல்லாரும் கவிதைக் கொப்பிகளைத் தூசு தட்டியிருக்கிறார்கள் போலும். அரசியல் கேள்வி கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அரசியல்வாதிகள் எங்கும் ஓடிவிடமாட்டார்கள்.

*கவிதை எழுதும் ஆசிரியர், ராகலை*
சேர், கையில் அறுபத்து நான்கு கவிதைகள் இருக்கின்றன. நுவரெலியாவில் ஒரு அச்சகத்திடம் கொடுப்பதா, கொழும்பில் ஒரு பதிப்பகத்திடம் கொடுப்பதா? இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

அச்சகத்துக்கு நீங்கள் வாடிக்கையாளர். காலையில் கல்யாணக் கார்ட், மத்தியானம் கோயில் திருவிழா நோட்டீஸ், பின்னேரம் கண்ணீர் அஞ்சலி என்று ஓடும் மெஷினில் உங்கள் கவிதையும் ஓடும். எண்ணிக் கொடுப்பார்கள், காசை எண்ணி வாங்குவார்கள். கணக்கு அதோடு முடிந்தது. கவிதை நன்றாக இருக்கிறதா என்று கேட்பது அவர்கள் வேலையல்ல. கேட்டால் நீங்கள் கோபித்துக்கொள்ளவும் கூடும்.

பதிப்பகம் என்றால் தன் காசைப் போட்டு உங்கள் எழுத்தில் பந்தயம் கட்டுகிறவர். கையெழுத்துப் பிரதியைப் படிப்பார், வெட்டச் சொல்வார், அட்டை போடுவார், கடைகளுக்கு அனுப்புவார். விற்றால் அவருக்கு லாபம், உங்களுக்கு ராயல்டி. விற்காவிட்டால் நட்டம் அவருக்கு. எது எது என்று தெரியாமல் குழம்பினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “விற்காத மிச்சப் பிரதி யார் வீட்டில் கிடக்கும்?” “எங்கள் ஸ்டோரில்” என்று சொல்கிறவர் பதிப்பாளர். “உங்கள் வீட்டில்தான் சேர்” என்று சொல்கிறவர் அச்சகத்தார், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும்.

*ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கந்தப்பளை*
ஒரு பதிப்பகம் என் நாவலை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் போட்டிருக்கிறது. முந்நூறு பிரதிக்கான காசை நான் கட்டவேண்டுமாம். “இணைந்து வெளியிடுவோம்” என்கிறார்கள். கட்டலாமா?

கட்டலாம். ஆனால் ஏற்றுக்கொண்டது உங்கள் நாவலையா, உங்கள் காசையா என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். எழுத்தாளரே செலவைப் பொறுப்பது நம் நாட்டில் ஊரறிந்த வழக்கம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கம் எல்லாம் அதற்கு வேறு பெயர் வைப்பதில்தான்.

முதலில் அதே பக்கங்களுக்கு, அதே தாளில், அதே முந்நூறு பிரதிக்கு இரண்டு அச்சகங்களில் கொட்டேஷன் எடுங்கள். பதிப்பகம் கேட்கும் தொகைக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் பதிப்பகத்தின் பெயருக்குக் கொடுக்கும் விலை. அந்தக் காசுக்கு என்ன வருகிறது? நாவலை யாராவது செம்மைப்படுத்துகிறார்களா? அட்டைக்கு ஓவியர் உண்டா? எந்தெந்தக் கடையில் வைப்பார்கள்? முந்நூறில் எத்தனை உங்கள் கைக்கு வரும், எத்தனை அவர்களிடம் இருக்கும், அவர்கள் விற்றதில் உங்களுக்கு எவ்வளவு, எப்போது? வாயால் சொல்லும் பதில் பேச்சாக முடிந்துவிடும். கடதாசியில் எழுதி வாங்குங்கள். அதே பதிப்பகத்தில் போன வருடம் புத்தகம் போட்ட இரண்டு பேரைத் தேடிப் பிடித்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத வாசகங்கள் எல்லாம் அந்தத் தேத்தண்ணியில் வந்துவிடும்.

*உயர்தர மாணவி, ஹல்கரனோயா*
பதிப்பாளர் என் கதைகளை உண்மையிலேயே படித்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“அருமை” என்றால் படிக்கவில்லை. “மூன்றாவது கதையில் செத்துப்போன தாத்தா ஐந்தாவது பக்கத்தில் எப்படி வெற்றிலை கேட்கிறார்?” என்றால் படித்திருக்கிறார். விட்டுவிடாதீர்கள், பிடித்துக்கொள்ளுங்கள்.

*நூலகப் பொறுப்பாளர், வலப்பனை*
மலையகத்துக்கென்று நல்ல பதிப்பகமே இருந்ததில்லையா? எப்போதும் நம் காசில்தான் போடவேண்டுமா?

இருந்தது. பிரச்சினை, நின்று நிலைக்காததுதான்.

1970களைப் பாருங்கள். இந்தியச் சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாடு போட்ட காலம். வாசகனுக்குப் பசி, கடையில் சரக்கு இல்லை. அப்போதுதான் வீரகேசரி நிறுவனம் உள்ளூர் நாவல்களை மலிவு விலைப் பிரசுரங்களாக அடித்து விட்டது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் அப்படி வந்ததுதான். ஒரு பத்திரிகை நிறுவனம் பதிப்பாளரானால் என்ன வசதி என்று யோசித்துப் பாருங்கள். மெஷின் சொந்தம், ஊர் ஊராகப் பத்திரிகை கொண்டுபோகும் வண்டி சொந்தம், ஒவ்வொரு டவுனிலும் முகவர் தயார். பத்திரிகைக் கட்டோடு நாவலும் போய் இறங்கும். எழுத்தாளர் எழுதினால் போதும். 1977க்குப் பிறகு கதவு திறந்தது, இந்தியச் சரக்கு வெள்ளமாக வந்தது, அந்தக் காலம் மெல்லக் கரைந்தது.

அடுத்தது துரைவி. வியாபாரியான துரை விஸ்வநாதன் தன் கைக்காசைப் போட்டுத் தொடங்கிய பதிப்பகம். 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்று இரண்டு பெரிய தொகுப்புகள் வந்தன. தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கதைகளைத் தோண்டி எடுத்துச் சேர்த்த வேலை அது. எழுத்தாளரிடம் காசு கேட்கவில்லை, கதையைக் கேட்டார்கள். அதே வருடம் சாரல்நாடனின் ‘மலையகம் வளர்த்த தமிழ்’, ஜோசப்பின் ‘பாலாயி’ என்று வரிசையாக வந்தன. விஸ்வநாதன் மறைந்தார், அந்த வேகமும் போய்விட்டது. கண்டியில் அந்தனி ஜீவா ‘கொழுந்து’ சஞ்சிகையோடு மலையக வெளியீட்டகத்தையும் இழுத்து நடத்தினார். 1988இல் சாரல்நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ அங்கிருந்துதான் வந்தது.

கவனித்தீர்களா? நம் பதிப்பகங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரு ஆளின் பிடிவாதம். ஆள் போனால் பதிப்பகமும் போகிறது. ஆகவே மலையகத்தில் பதிப்பகம் இருந்ததா என்று கேட்பதைவிட, பதிப்பாளர்கள் இருந்தார்களா என்று கேளுங்கள். ஆம், நல்லவர்கள் இருந்தார்கள்.

*வளரும் எழுத்தாளர், புரூக்சைட்*
தமிழ் எழுத்தாளர் பணக்காரர் ஆவது எப்படி?

அச்சகம் தொடங்கி.

ஆனால் அதில் சொந்தப் புத்தகத்தை அடிக்கக்கூடாது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வைத்தார். கல்யாணக் கார்டா அடித்தார்? பாடப்புத்தகமும் சைவ நூலும் அடித்தார். அவர் பணக்காரர் ஆனதாக எந்தச் சரித்திரக்காரரும் எழுதவில்லை.

*சிறுகடை முதலாளி, ராகலை டவுன்*
முந்நூறு அடித்தால் ஒரு புத்தகம் விலை கூடுகிறது, ஆயிரம் அடித்தால் குறைகிறது என்கிறார் அச்சகத்தார். வியாபாரக் கணக்குப்படி ஆயிரம்தானே சரி?

வியாபாரியான நீங்களே இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் ஆச்சரியம்! ஆயிரம் வெள்ளைச் சீனி மூட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுவீர்களா?

அச்சகத்தார் சொல்வது பொய்யல்ல. ஒஃப்செட் முறையில் பக்கங்களுக்கு பிளேட் எடுக்கவேண்டும், மெஷினைச் சரிக்கட்டவேண்டும், ஓட்டம் சீராகும்வரை கொஞ்சம் தாளைப் பாழாக்கவேண்டும். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்தச் செலவு மாறாது. பிறகு கூடுவது தாளும் பைண்டிங்கும்தான். அதனால்தான் பிரதி கூடக் கூட ஒன்றின் அடக்கவிலை இறங்குகிறது.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. முந்நூறு பிரதிக்கு 1,50,000 ரூபா, அதாவது ஒன்று 500. ஆயிரத்துக்கு 3,00,000 ரூபா, ஒன்று 300. மனம் முந்நூறு ரூபாவையே பிடித்துக்கொள்ளும். ஆனால் விற்றது முந்நூறு பிரதி மட்டும் என்று வைப்போம். எழுநூறு கட்டிலுக்கடியில். இப்போது விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் நீங்கள் போட்ட காசு ஆயிரம் ரூபா! மலிவாக அடித்த புத்தகம் இரண்டு மடங்கு விலையில் முடிந்துவிட்டது. மிச்சம் கிடப்பதும் ராகலையில். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் ஊரில் கடதாசிக் கட்டு நிலத்தில் கிடந்தால் முதலில் வாசிப்பது பூஞ்சணம்.

எத்தனை அடிப்பது என்று அச்சகத்தாரைக் கேட்காதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து, நிச்சயமாகக் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்களின் பெயரை எழுதுங்கள். இலவசமாக எதிர்பார்ப்பவர்களை வேறு பக்கத்தில் எழுதுங்கள். (சொந்தக்காரர் எல்லாரும் இரண்டாவது பக்கம்தான். தயங்கவேண்டாம்.) முதல் பக்கத்தில் நூறு பேர் தேறினால் டிஜிட்டல் முறையில் நூற்றைம்பது அடியுங்கள். அதில் பிளேட் செலவு இல்லை. ஒன்றின் விலை கூடுதல்தான், ஆனால் கட்டிலுக்கடியில் செருப்பு வைக்க இடம் இருக்கும். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். “இரண்டாம் பதிப்பு” என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் சுகம் கூடுதல் லாபம்.

*முன்பள்ளி ஆசிரியை, மஹஊவா*
“எட்டுப் பக்கம் வெறுமையாக வருகிறது, ஏதாவது எழுதித் தாருங்கள்” என்கிறார் அச்சகத்தார். அது எப்படி வெறுமையாக வரும்?

பெரிய தாள் ஒன்றில் பதினாறு பக்கங்களை அடித்து மடிக்கிறார்கள். அது ஒரு ஃபாரம். ஏழு ஃபாரம் 112 பக்கம், எட்டு ஃபாரம் 128. உங்களுடையது 120 ஆக இருக்கும். அரை ஃபாரமாகவும் முடிக்கலாம், கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் எட்டுப் பக்கம் வெறுமையாகவே போகட்டும். வெறும் பக்கத்தை எந்த விமர்சகரும் திட்டியதில்லை. அதை நிரப்ப அவசரமாக எழுதிய கவிதையைத்தான் திட்டுவார்கள்.

நிரப்புவதைவிட வெட்டுவது நல்லது. நம் புத்தகங்களின் முன்பக்கத்தைப் புரட்டுங்கள். ஆசியுரை, வாழ்த்துரை, அமைச்சரின் வாழ்த்துச் செய்தி, அதிபரின் வாழ்த்துச் செய்தி, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை, நன்றியுரை. ஒரு முழு ஃபாரமே ஆசீர்வாதத்தில் போய்விடுகிறது. அதற்கும் தாள் காசு நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

*கணக்கப்பிள்ளை, லிடெஸ்டேல்*
சம்சாரத்தின் சங்கிலியை அடகு வைத்துப் புத்தகம் போடலாம் என்று யோசிக்கிறேன்.

முதலில் கையெழுத்துப் பிரதியை அவர் கையில் கொடுங்கள். முழுவதும் வாசித்துவிட்டு அவராகவே சங்கிலியைக் கழற்றினால், யோசிக்கவே வேண்டாம், அது நல்ல புத்தகம்.

*தட்டெழுத்துப் பழகும் இளைஞர், ராகலை*
போனில் அழகாகத் தட்டெழுதி அனுப்பினேன். அச்சகத்தில் இருந்து வந்த புரூஃபில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். யார் குற்றம்?

பாமினியின் குற்றம். நீங்கள் தட்டியது யூனிகோட். நம் நாட்டு அச்சகங்களில் இன்னும் பலர் வேலை செய்வது பாமினி எழுத்துருவில். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்டது. எழுத்துருவை மாற்றிவிட்டால் “அம்மா” என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று திரையில் நிற்கும். பெற்ற தாயையே அடையாளம் தெரியாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது ஆங்காங்கே எழுத்துகள் சிதறும். ‘ஸ்ரீ’, எண்கள், மேற்கோள் குறிகள் எல்லாம் அடிக்கடி அடிபடும் இடங்கள்.

ஆகவே வேலை கொடுக்குமுன்னே “யூனிகோடில் பக்கம் அமைப்பீர்களா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் மாற்றிய பிறகு முழுப் புத்தகத்தையும் மறுபடி வாசிக்கவேண்டும், மாதிரிக்கு நாலு பக்கம் பார்த்தால் போதாது. கடைசி புரூஃபைத் திரையில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். கடதாசியில் எடுத்து, பேனையோடு வாசித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு வரும் பிழை யாருடையது என்பதில் சண்டை வராது. வேலை முடிந்ததும் அச்சுக்குப் போன பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்கிவையுங்கள். பக்க வடிவமைப்புக்கு நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த பதிப்பை எங்கே அடிப்பது என்பதை முடிவு செய்வது அந்தக் கோப்புத்தான்.

*தமிழ்ப் பாட ஆசிரியர், நுவரெலியா*
எழுத்துப்பிழையை நானே திருத்திவிடுவேன். பிறகு எடிட்டர் எதற்கு?

சந்திப்பிழை பார்ப்பது வேறு, செம்மைப்படுத்துவது வேறு. முதலில் கடிதம் போட்ட ராகலை ஆசிரியரின் அறுபத்து நான்கில் இருபது கவிதை ஒரே கவிதைதான் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பதிப்பகம் செய்யவேண்டிய மிகப் பெரிய வேலை இதுதான். நேரே அச்சகத்துக்குப் போகிறவர் இழப்பதும் இதைத்தான். காசு கொடுத்தாவது, உங்கள் மேல் அவ்வளவு பாசம் இல்லாத ஒருவரிடம் பிரதியைக் கொடுங்கள். நாற்பது கவிதையோடு திரும்பி வந்தால் இரண்டு ஃபாரம் மிச்சம், அதற்கான காசும் மிச்சம்.

*சமுர்த்தி உத்தியோகத்தர், உடப்புசல்லாவ*
ஐ.எஸ்.பி.என். இல்லாவிட்டால் அது புத்தகமே இல்லை என்கிறார் நண்பர். அந்த இலக்கத்தைப் பதிப்பகத்திடம்தான் வாங்கவேண்டுமா?

கொழும்பு ஏழில் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம். 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கினால் அது இலங்கை இலக்கம். “ஐ.எஸ்.பி.என். எடுத்துத் தர” பெரிய தொகை கேட்கிறவரிடம் அந்தச் சபைக்குப் போக பஸ் இலக்கம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே சபை நூல் வெளியீட்டுக்கு உதவும் திட்டமும் வைத்திருக்கிறது. கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே அதைப் பற்றி விசாரியுங்கள், அடித்து முடித்த பிறகு போய்க் கையைப் பிசையவேண்டாம்.

இலக்கம் புத்தகத்தின் தரத்துக்குச் சான்றிதழ் இல்லை. அடையாள அட்டை இருப்பவர் எல்லாரும் நல்லவரா? ஆனால் நூலகங்களும் பெரிய கடைகளும் அதைக் கேட்கும், எடுத்துவிடுங்கள்.

உரிமை வேறு விஷயம். பதிப்புரிமைக்கு எங்கும் பதியத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு எழுபது ஆண்டும். பேரப்பிள்ளைகள் அதை வைத்துச் சண்டை பிடிக்கும் அளவுக்குப் புத்தகம் ஓடட்டும். காசையும் கட்டி, உரிமையையும் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் யாராவது நீட்டினால் பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.

*சங்கச் செயலாளர், ஹை ஃபொரஸ்ட்*
வெளியீட்டு விழாவில் முதற்பிரதியை யாருக்குக் கொடுப்பது?

வாசிக்கக்கூடியவருக்கு என்று சொல்ல ஆசைதான். அச்சகக் கடனை நினைத்தால் வாய் வரவில்லை.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு நம் வெளியீட்டு விழா விநோதமாக இருக்கும். மேடையில் பத்துப் பேர், கீழே நாற்பது பேர். முதற்பிரதி ஒரு வர்த்தகப் பிரமுகருக்கு, பிறகு சிறப்புப் பிரதி, பிறகு கௌரவப் பிரதி. ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து என்வலப்பைக் கொடுத்துப் போட்டோவுக்கு நின்று போவார்கள். புத்தகத்தின் விலை அறுநூறு என்றால் என்வலப்பில் இரண்டாயிரமும் இருக்கும், ஐயாயிரமும் இருக்கும், சிலவற்றில் வாழ்த்து மட்டும் இருக்கும். சிரிக்கவேண்டாம். பதிப்பகம் இல்லாத ஊரில் அந்த நாற்பது பேரும் சேர்ந்துதான் பதிப்பகம். நட்டத்தை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இது புதிதும் அல்ல. கும்பகோணம் கல்லூரியில் தமிழ் படிப்பித்த உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது முன்கூட்டியே கையொப்பக்காரர்களைச் சேர்த்தார். புத்தகம் வந்தால் வாங்குவேன் என்று பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் அச்சு வேலைக்குத் துணை நின்றார்கள். அதையே நீங்களும் செய்யலாம். விழாவுக்கு இரண்டு மாதம் முந்தி வட்ஸ்அப்பில் முன்பதிவு கேளுங்கள், பெயரைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போடுவதாகச் சொல்லுங்கள். சொந்தப் பெயரை அச்சில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எழுத்தாளர்கள் மட்டும் இல்லை.

ஆனால் திட்டத்தைப் பெரிதாக்கவேண்டாம். பாரதியார் 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். ஆளுக்கு நூறு ரூபா கடன் கேட்டார். நாற்பது புத்தகம், ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி, தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல விற்றுத் தீரும் என்று கணக்குப் போட்டார். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். திட்டம் நடக்கவில்லை. புத்தகம் எல்லாம் பிறகு அவர் சொன்னதைவிட அதிகமாகவே விற்றது, அது வேறு கதை. நாலு லட்சம் பிரதியில் தொடங்க பாரதியாராலேயே முடியவில்லை, நீங்கள் நூற்றைம்பதில் தொடங்குங்கள்.

*கொழுந்து எடுக்கும் தொழிலாளி, சென். லெனாட்ஸ்*
கடைக்குப் புத்தகம் கொடுத்தால் விலையில் பெரிய பகுதியைக் கழிவாக எடுத்துக்கொள்கிறார்களாமே? அநியாயம் இல்லையா?

அக்கா, உங்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பார்கள் அல்லவா? கடைக்காரரும் வாடகைக்கும் வெளிச்சத்துக்கும் என்று கழிக்கிறார். ஒரு வித்தியாசம்: கழித்த பிறகு மீதியை மாதம் முடிய பெக்டரி தந்துவிடும். புத்தகக் கடையில் “விற்றால் காசு”. அதாவது பிரதியை வைத்துவிட்டு வரவேண்டும், ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்கவேண்டும், “போன கிழமைதான் கணக்குப் பார்த்தோம்” என்று கேட்டுவிட்டுத் திரும்பவேண்டும். ராகலையிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசு நாலு புத்தகத்தின் லாபத்தை விழுங்கிவிடும். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கே சின்ன ரயில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட பாதை, 1940களில் கழற்றிவிட்டார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றிய ரயில், புத்தகக் கட்டையும் ஏற்றியிருக்கும்.

கடையில் நாலோ ஐந்தோ பிரதி போதும், பெயருக்கு இருக்கட்டும். மீதியைக் கையால் விற்கவேண்டும். டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைக் கையில் எடுத்துக்கொண்டு வீதி வீதியாக நடந்தே விற்றவர். 1966இல் தொடங்கிய சஞ்சிகையைப் பல பத்தாண்டுகள் அப்படித்தான் கொண்டு நடத்தினார். முகத்துக்கு நேரே நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல மனிதர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்குக் கழிவு கிடையாது.

*இளைஞர் மன்றத் தலைவர், டெல்மார்*
தோட்டத்து மக்கள் வாங்கக்கூடிய விலை என்ன?

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், அன்று 675. அந்தக் கணக்கில் 650 ரூபா விலை போட்டால் ஒரு அரைப்பேரைக் கேட்கிறீர்கள். மலையேறி அட்டைக்கடி பட்டுச் சம்பாதித்த அரைப்பேர். அந்த அளவுக்கு உள்ளே விஷயம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

தாள் விலையும் நம் கையில் இல்லை. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த நாடு இது. 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானபோது புத்தகமும் தப்பவில்லை. ஆகவே கொட்டேஷன் வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள்: வரி சேர்த்தா சேர்க்காமலா, இந்த விலை எத்தனை நாளைக்கு?

மலிவாகக் கொடுக்கவேண்டும் என்றால் மெலிவாகப் போடுங்கள். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று போட்டது சின்னப் பாட்டுப் புத்தகம். தடித்த அட்டையும் அமைச்சர் வாழ்த்தும் இல்லாமலே எண்பது வருடம் கழித்தும் பேசுகிறோம். நீங்களும் இப்படிப் போடலாம்: இரண்டு ஃபாரம், நடுவில் கம்பித்தையல், முப்பத்திரண்டு பக்கம். அச்சகத்தில் இரண்டு நாள் வேலை. இதற்குப் பதிப்பகம் எதற்கு?

*ஆசிரிய ஆலோசகர், நுவரெலியா*
சென்னையில் அடித்தால் மலிவு, பெயரும் பரவும் என்கிறார்களே?

மலிவுதான். நம்மவர்கள் பலர் மணிமேகலைப் பிரசுரம் முதலான சென்னைப் பதிப்பகங்கள் வழியே புத்தகம் போட்டிருக்கிறார்கள். கப்பல் கூலி, சுங்கம், கொழும்பிலிருந்து மலையேறும் லொறிக்கூலி எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் மலிவா என்று பாருங்கள். சென்னைக் கடைகளில் எத்தனை பிரதி வைப்பார்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். புரூஃபை மட்டும் நீங்களே பாருங்கள். பெரட்டுக்களம், கொந்தரப்பு, அரைப்பேர் போன்ற நம் தோட்டச் சொற்கள் எல்லாம் அங்கே உள்ள திருத்துநருக்கு அச்சுப்பிழையாகத் தெரியும். நல்லெண்ணத்தோடுதான் அழிப்பார்.

*புலம்பெயர்ந்த வாசகர், டொரொன்டோ*
பிறந்த ஊர் ராகலை. அங்கே வரும் புத்தகங்கள் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. என்ன செய்யலாம்?

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வைத்துவருகிறது. பிரதிகள் விற்றுத் தீர்ந்ததும் அனுமதிக் கடிதத்தோடு அவர்களிடம் கொடுக்கும்படி இங்குள்ள எழுத்தாளர்களுக்குச் சொல்கிறேன். லண்டனில் என். செல்வராஜா ‘நூல்தேட்டம்’ என்று ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் நூல்களாகப் பதிந்துவருகிறார். அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். நீங்கள் செய்யக்கூடியது, முன்பதிவு அறிவித்தல் வரும்போது இலவச பிடிஎஃப் கேட்காமல் பத்துப் பிரதிக்குக் காசு அனுப்புவது.

*மீண்டும் அதே கவிதை எழுதும் ஆசிரியர், ராகலை*
சேர், முடிவு செய்துவிட்டேன், அச்சகம்தான். கட்டு வந்து இறங்கியதும் முதலில் என்ன செய்யவேண்டும்? சாமி படத்துக்கு முன்னால் வைப்பதா?

எண்ணவேண்டும். லொறிக்காரர் நிற்கும்போதே எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டிலும் நடுவில் இருந்து இரண்டு பிரதியை உருவி, முதுகை நன்றாக விரித்துப் பாருங்கள். பசை பிடிக்காமல் தாள் கழன்று வருகிறதா? 48க்குப் பிறகு 65 வருகிறதா? அப்படியென்றால் ஒரு ஃபாரம் விடுபட்டிருக்கிறது. சிலவற்றில் ஒரு ஃபாரம் தலைகீழாகவும் இருக்கும். பழுதானதைத் தனியாக அடுக்கி, எண்ணிக்கையைப் பற்றுச்சீட்டில் எழுதி, அச்சகத்தாரின் கையெழுத்தை வாங்குங்கள். மாற்றித் தந்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். சாமி காத்திருப்பார், அச்சகத்தார் அடுத்த வேலைக்கு மெஷினைத் திருப்பிவிடுவார்.